சி டிரைவில் இடமில்லாத கணினிக்கு ஓர் ஒத்திகை: சேலம் ஐந்து ரோட்டுக் கடை ஒன்றின் சேவை

சேலம் ஐந்து ரோட்டிலிருந்து சற்று உள்ளே தள்ளி, ஒரு மருந்துக் கடையின் மாடியில் இருக்கும் கணினிப் பழுது பார்க்கும் கடையில், கடந்த நவம்பரில் எங்கள் பட்டறையின் மடிக்கணினியை விண்டோஸ் 10-லிருந்து விண்டோஸ் 11-க்கு மாற்றிக்கொண்டோம். கடையின் பெயரை நான் எழுதவில்லை. இருவர் மட்டுமே நடத்தும் கடை என்பதால் கூட்டம் சேர்ந்தால் அவர்களால் தாங்க முடியாது. தவிர, கீழே சில குறைகளையும் சொல்லப்போகிறேன். ஆனால் வட்டில் இடமே இல்லாத ஒரு கணினியில், வேலை நிற்காமல், அசலைத் தொடாமல் இயங்குதள மாற்றத்தை முன்கூட்டியே சோதித்துப் பார்க்க முடியும் என்பதை அவர்கள் செய்து காட்டிய விதம் விரிவாகவே எழுதத் தக்கது.

செவ்வாய்ப்பேட்டையில் எங்களுக்கு வெள்ளிக் கொலுசுப் பட்டறை. கணக்கை நான் பார்க்கிறேன். பட்டறையில் இருப்பது 2019-இல் வாங்கிய மடிக்கணினி: எட்டாம் தலைமுறை ஐ3 செயலி, 8 ஜிபி ரேம், சேமிப்பு வட்டாக 120 ஜிபி எஸ்எஸ்டி. அட்டையில் 120 என்று போட்டிருந்தாலும் விண்டோஸ் அதை 111 ஜிபி என்றுதான் காட்டும், ஏனெனில் தயாரிப்பாளர் ஆயிரத்தால் பெருக்குகிறார், விண்டோஸ் 1,024-ஆல் வகுக்கிறது. அந்த 111-இலும், விண்டோஸும் எங்கள் கோப்புகளும் இருக்கும் சி டிரைவுக்குக் கிடைத்தது 110. காலியாக இருந்தது 6. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. அந்த ஆண்டு தீபாவளி அக்டோபர் 20. கொலுசுத் தொழிலில் இருப்பவர்களுக்கு அந்த ஒரு வாரத்தில் கணினியைத் திறந்து மூடுவதற்கே பயமாக இருக்கும் என்பது தெரியும். ஆகவே தீபாவளிப் பட்டுவாடாவெல்லாம் முடிந்த பிறகே வெளியே கிளம்பினேன்.

முதலில் போனது வேறொரு கடை. அங்கே கணினியைத் திறந்து பார்த்த மாத்திரத்தில், "ஃபார்மட் பண்ணி புதுசா போட்டுடலாங்க்கா, எடமும் கெடச்சிடும்" என்றார்கள். தவறான யோசனை என்று சொல்ல மாட்டேன். எதுவும் முக்கியமாக இல்லாத கணினிக்கு அதுவே விரைவான வழி. ஆனால் எங்கள் கணினியில் எடைத் தராசு நேராகக் கணக்கு மென்பொருளோடு பேசுகிறது. கொலுசு தட்டில் ஏறியதும் எடை தானாகச் சீட்டில் விழும். கூலியும் சேதாரமும் அதிலிருந்தே கணக்காகும். அதை ஆறு ஆண்டுகளுக்கு முன் யார் எப்படி அமைத்தார்கள் என்பது எங்களில் எவருக்கும் நினைவில்லை. ஃபார்மட் செய்துவிட்டால் அதை மறுபடி அமைக்க ஆள் தேட வேண்டும். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

ஐந்து ரோட்டுக் கடையின் தம்பி வேறு மாதிரி பேசினார். கணினியை ஏறிட்டுப் பார்ப்பதற்கு முன்பே, இதோடு எதெதெல்லாம் இணைக்கிறீர்கள் என்று கேட்டுத் தாளில் எழுதிக்கொண்டார். தராசு, பில் அடிக்கும் பிரிண்டர், ஜிஎஸ்டி தாக்கலுக்கான டிஜிட்டல் கையொப்ப டோக்கன் என்று பட்டியல் நீண்டது. பிறகு சொன்னார்: "அசல் டிஸ்க்க நான் தொட மாட்டேங்க்கா. கழட்டி உங்க கையிலயே குடுத்துடறேன். காப்பியில ஏத்திப் பாக்கலாம். உங்க வேலையெல்லாம் அதுல ஓடுனா மட்டும் சொல்லுங்க, அப்புறம் அசலுக்குப் போலாம்." நான் கடைக்குள் நின்று கேட்ட முதல் உருப்படியான பேச்சு அது.

இடம் குறைவான வட்டில் இயங்குதள மாற்றத்தைச் சோதிப்பதில் உள்ள சிக்கல், சோதனைக்கே இடம் வேண்டும் என்பதுதான். பழைய விண்டோஸை அப்படியே ஓரமாக வைத்துவிட்டு, புதியதை விரித்து, அதற்குள் எல்லாவற்றையும் குடியேற்றிய பிறகுதான் மேம்படுத்தல் முடிகிறது; நடுவே சில மணி நேரம் இரண்டு குடும்பங்களும் ஒரே வீட்டில் இருக்கும். 6 ஜிபியில் அது நடக்காது. ஆகவே இந்தக் கடையில் சோதனைக்கென்றே ஒரு 240 ஜிபி எஸ்எஸ்டியைத் தனியாக வைத்திருக்கிறார்கள். தைவானில் உருவான குளோன்சில்லா என்ற கட்டணமில்லாத மென்பொருளைப் பென்டிரைவிலிருந்து இயக்கி, எங்கள் வட்டை அதன் மீது நகலெடுத்தார். கருப்புத் திரையில் ஒரு பட்டை வலப்பக்கம் நகர்ந்துகொண்டே போனது. அதன் மேலே கடந்த நேரமும் மீதி நேரமும் நிமிடத்துக்கு எத்தனை ஜிபி என்ற வேகமும் ஓடிக்கொண்டிருந்தன. அது வட்டின் காலி இடத்தை விட்டுவிட்டு, தரவு இருக்கும் பகுதிகளை மட்டும் படிக்கிறது என்பதால் அரை மணி நேரத்துக்குள் முடிந்தது. விண்டோஸ் இயங்காத நிலையில் நகலெடுப்பதால், பாதி எழுதப்பட்ட கோப்பு எதுவும் நகலில் சிக்குவதில்லை. முடிந்ததும் எங்கள் வட்டைக் கழற்றி, நிலைமின் தடுப்பு உறையில் போட்டு என் கையில் தந்தார். அன்றிரவு அது வெள்ளிக் கட்டிகளோடு பெட்டகத்தில் தூங்கியது. இரண்டு வட்டுகளையும் ஒரே கணினியில் ஒருசேரச் செருகக் கூடாது என்றும் சொன்னார். இரண்டுக்கும் அடையாள எண் ஒன்றே என்பதால் விண்டோஸ் குழம்பி ஒன்றை முடக்கிவிடுமாம்.

இதற்கடுத்து அவர் செய்ததைத்தான் நான் மிகவும் மெச்சுகிறேன். நகல் இருப்பது 240 ஜிபி வட்டில். பின்பாதி முழுவதும் காலி. சி டிரைவை இழுத்து அந்தக் காலி இடத்தையும் சேர்த்துக்கொண்டால் மேம்படுத்தல் எந்தத் தடங்கலும் இல்லாமல் ஓடிவிடும். அவர் இழுக்கவில்லை. நகலிலும் சி டிரைவ் அதே 110 ஜிபிதான், அதே 6 ஜிபி காலிதான். பெரிய மேடையில் ஆடிப் பழகிவிட்டுச் சிறிய திண்ணையில் கூத்து நடத்தினால் என்ன ஆகுமோ அதுதான் இங்கும் ஆகும். ஒத்திகையில் ஜெயித்து, அசலில் இடமில்லாமல் பாதியில் நிற்கும். இந்த ஒரு விஷயத்தைப் பல பேர் கவனிப்பதில்லை. வீட்டிலேயே செய்து பார்க்க நினைப்பவர்கள் வேறெதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

பிறகு அவர் உடனே மேம்படுத்தலைத் தொடங்கிவிடவில்லை. விண்டோஸின் நிறுவல் நிரலை 'காம்பாட் ஸ்கேன்ஒன்லி' என்ற கட்டளைச் சொல்லோடு கட்டளை வரியிலிருந்து இயக்கினால், எதையும் மாற்றாமல், மாற்றம் நடக்குமா என்று மட்டும் ஆராய்ந்து ஒரு குறியீட்டை விட்டுச் செல்லும். இடமில்லை என்பதற்கு ஒரு குறியீடு, ஒத்துவராத மென்பொருள் இருப்பதற்கு வேறொன்று, தடையில்லை என்பதற்கு இன்னொன்று. தனி மென்பொருள் எதுவும் இல்லாமல் நிறுவல் நிரலிலேயே கிடைக்கும் இந்த வசதி பற்றி, இத்தனை ஆண்டுகள் கணினியோடு மல்லுக்கட்டியும் நான் கேள்விப்பட்டதில்லை. முதல் முறை எதிர்பார்த்தபடியே இடமில்லை என்று வந்தது.

இடம் எங்கே போயிருந்தது என்பதைப் பார்த்தபோது எனக்குக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. உறக்க நிலைக்காக விண்டோஸ் ஒதுக்கி வைத்திருக்கும் ஹைபர்ஃபில் கோப்பு 3 ஜிபிக்குச் சற்று மேல். நாங்கள் உறக்க நிலையைப் பயன்படுத்துவதே இல்லை, ஒரே கட்டளையில் அது போனது. பழைய அப்டேட்டுகளின் மிச்சமும் தற்காலிகக் கோப்புகளும் ஏறக்குறைய 4 ஜிபி. இப்போது காலி இடம் 13. மறுபடி ஆராய்ந்தபோதும் போதாது என்றே வந்தது. மீதி முழுவதும் வாட்ஸ்அப். கொலுசு மாதிரிகளை வியாபாரிகள் வீடியோவாக அனுப்புவார்கள். ஒவ்வொன்றையும் திறந்து பார்த்த பாவத்துக்கு அவையெல்லாம் கணினியில் வந்து குவிந்திருந்தன. டவுன்லோட்ஸ் கோப்புறையோடு சேர்த்து 11 ஜிபி. அவற்றை வெளி வட்டுக்கு மாற்றிய பின் 24 ஜிபி காலியாகி, ஆராய்ச்சியும் தடையில்லை என்று சொன்னது.

எனக்கு அத்தோடு முடிந்தது என்ற எண்ணம். முடியவில்லை. மேம்படுத்தலை நகலில் உண்மையாகவே ஓட்டியபோது, சிஸ்டம் ரிசர்வ்டு பார்ட்டிஷனைப் புதுப்பிக்க முடியவில்லை என்ற செய்தியோடு நின்றது. வட்டின் தொடக்கத்தில், கணினி எழுந்து நிற்பதற்கான கோப்புகளுக்கென்று 100 எம்பி அளவில் ஒரு தனிப் பகுதி உண்டு. சி டிரைவ் போல அல்லாமல், அது கண்ணுக்குத் தெரியாது. அதற்கு டிரைவ் எழுத்தும் கிடையாது. கணினியை எழுப்பும் அடிப்படை மென்பொருளான பயாஸின் புதுப்பிப்பு மிச்சங்கள் அந்தச் சின்ன அறையை ஏற்கெனவே நிரப்பி வைத்திருந்தன. சி டிரைவில் 24 ஜிபி திறந்து கிடந்தாலும், அந்த 100 எம்பி அறையில் காலடி வைக்க இடமில்லையென்றால் விண்டோஸ் 11 உள்ளே வராது. தம்பி அதற்கு ஒரு டிரைவ் எழுத்தைத் தற்காலிகமாகக் கொடுத்துத் திறந்தார். பயாஸ் கோப்புகளில் கை வைக்காமல், துவக்கத் திரைக்கான எழுத்துருக் கோப்புகளை மட்டும் நீக்கினார். அந்த எழுத்துருக்கள் இல்லாவிட்டாலும் கணினி துவங்கும் என்பதால் இதுவே அபாயம் குறைந்த வழி என்று விளக்கினார். அடுத்த ஓட்டத்தில், ஒன்றரை மணி நேரத்தில், நகல் விண்டோஸ் 11-ஆக எழுந்தது.

இங்கே ஒரு கேள்வி எழும்: இவ்வளவு பாடு எதற்கு, நேராக 240 ஜிபி எஸ்எஸ்டி ஒன்று வாங்கி மாட்டிவிட்டால் தீர்ந்ததே? நானும் கேட்டேன். சி டிரைவ் பிரச்சினை தீரும் என்பது சரி. ஆனால் வட்டை நகலெடுக்கும்போது அந்த 100 எம்பி அறையும் அதே 100 எம்பியாகவே நகலாகும். பெரிய வட்டிலும் அதே இடத்தில் அதே செய்தியோடு நின்றிருப்போம். விலை குறைந்த மடிக்கணினிகள் பலவற்றில் சேமிப்பகம் பலகையிலேயே பற்றவைக்கப்பட்டிருப்பதால் வட்டை மாற்றும் பேச்சுக்கே இடமில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். கணினிக்குள் கணினியாக, மெய்நிகர் இயந்திரத்தில் சோதிக்கலாமே என்று கேட்பவர்களுக்கான பதில் அடுத்த பத்தியில் இருக்கிறது.

நகல் வட்டைக் கணினிக்குள் வைத்தபடியே எங்களிடம் கொடுத்தனுப்பினார்கள். இரண்டு நாள் பட்டறையில் வைத்து எல்லாவற்றையும் இணைத்துப் பார்க்க வேண்டும். ஆனால் உண்மையான கணக்கு எதையும் ஏற்றக் கூடாது, ஏற்றினால் அது நகலில் மட்டும் இருக்கும், அசலில் இருக்காது என்று இருமுறை சொன்னார்கள். அந்த இரண்டு நாளும் நான் பழையபடி கையால் சீட்டு எழுதினேன். பில் பிரிண்டர் ஓடியது. கையொப்ப டோக்கன் ஓடியது. தராசைச் செருகியதும் எடை விழவில்லை. இணைத்த சாதனங்களைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரில் ஒரு மஞ்சள் முக்கோணம். அதன் அருகே, அந்தச் சிப் வகை 2012-லேயே நிறுத்தப்பட்டுவிட்டது, விற்றவரைத் தொடர்புகொள்ளவும் என்ற பொருளில் ஒரு வரி. தராசிலிருந்து வரும் பழைய சீரியல் முனையை யூஎஸ்பியாக மாற்றும் ஒரு கேபிள் உண்டு. கட்டைவிரல் தடிமனில் நீல நிறத்தில் தராசுக்குப் பின்னால் கிடப்பது. அதற்குள் இருக்கும் சிப்பைத்தான் புதிய டிரைவர், அதாவது சாதனத்தை விண்டோஸோடு பேச வைக்கும் மென்பொருள், ஏற்க மறுத்தது. விண்டோஸ் 10-இல் ஆறு ஆண்டுகளாகப் பழைய டிரைவர் ஒன்று ஓடிக்கொண்டிருந்ததால் யாருக்கும் தெரியாமல் இருந்திருக்கிறது. மெய்நிகர் இயந்திரத்தில் சோதித்திருந்தால் இந்தக் கேபிள் அங்கே இருந்திருக்காது. இட அளவை மட்டும் சரிபார்த்துவிட்டு அசலில் ஏற்றியிருந்தால், ஒரு திங்கட்கிழமை காலையில், கொலுசோடு ஆட்கள் வரிசையில் நிற்கும்போது இது வெளியே வந்திருக்கும்.

போனில் சொன்னேன். பழைய டிரைவரையே கையால் தேர்ந்தெடுத்து ஓட்டலாம், ஆனால் விண்டோஸ் அப்டேட் ஏதோ ஒரு நாள் அதை மறுபடி மாற்றிவிடக்கூடும், கேபிளையே மாற்றிவிடுங்கள் என்றார். வேறு சிப் உள்ள புதிய கேபிளைச் செருகியபோது மஞ்சள் முக்கோணம் போனது. எடை அப்போதும் விழவில்லை. கணக்கு மென்பொருள் காம் 3 என்ற வாசலில் காத்திருக்க, புதிய கேபிள் காம் 4-இல் வந்து நின்றதே காரணம். எண்ணை 3 என்று மாற்றியதும் முதல் எடை விழுந்தது. சோதனைக்காகத் தட்டில் வைத்திருந்தது என் மகளின் பழைய கொலுசு, 62 கிராம்.

அதன் பிறகு அசலில் செய்த வேலையைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஒத்திகையில் செய்த அதே வரிசையில், அதே கோப்புகளை நீக்கி, ஒரே பிற்பகலில் முடித்துவிட்டார்கள். முடிந்தபோது சி டிரைவில் காலி 5 ஜிபிதான் இருந்தது, ஏனெனில் பழைய விண்டோஸ் முழுவதும் விண்டோஸ்.ஓல்டு என்ற கோப்புறையில் 17 ஜிபிக்கு உட்கார்ந்திருந்தது. பத்து நாட்களுக்குள் பழைய பதிப்புக்குத் திரும்ப அது உதவும். வேண்டுமானால் அந்தக் கெடுவை 60 நாள் வரை நீட்டிக்கவும் கட்டளை உண்டு. இடம் குறைந்த கணினிக்கு அந்தச் சலுகை ஒரு சுமைதான்: திரும்பும் வழியை வைத்துக்கொண்டால் இடமில்லை, இடத்தை எடுத்துக்கொண்டால் திரும்பும் வழியில்லை. எங்களுக்கு அந்த இக்கட்டு வரவில்லை. அசலில் கை வைக்கும் அன்று காலை அதை இன்னொரு முறை நகலெடுத்து வைத்திருந்ததால், ஒரு வாரம் வேலை செய்து பார்த்துவிட்டு விண்டோஸ்.ஓல்டை அழித்துவிட்டோம். 22 ஜிபி காலியானது.

குறைகளுக்கு வருகிறேன். முதலாவது பெரிது. எங்கள் கணக்கும் வியாபாரிகளின் ஜிஎஸ்டி எண்களும் ஆட்களின் ஆதார் நகல்களும் அடங்கிய முழு வட்டின் நகல் அந்தக் கடையின் எஸ்எஸ்டியில் இருந்தது. வேலை முடிந்ததும் அதை என்ன செய்வீர்கள் என்று நான் கேட்கும்வரை அவர்களாகச் சொல்லவில்லை. கேட்டதும் என் முன்னாலேயே குவிக் ஃபார்மட் செய்து காட்டினார் தம்பி. அது உள்ளடக்கப் பட்டியலைக் கிழிப்பது போலத்தான், பக்கங்கள் உள்ளேயே இருக்கலாம் என்று நான் பிடிவாதமாக நின்ற பிறகு, டிஸ்க்பார்ட் நிரலில் 'கிளீன் ஆல்' கொடுத்து முழு வட்டையும் பூஜ்ஜியங்களால் நிரப்பினார். அதற்கு நேரம் பிடித்தது; கீழே இறங்கித் தட்டுவடை செட் ஒன்று சாப்பிட்டுவிட்டு வந்தும் முடியவில்லை. இதை வாடிக்கையாளர் கேட்டுப் பெற வேண்டிய நிலை இருக்கக் கூடாது.

இரண்டாவது, வட்டு விண்டோஸின் மறையாக்கப் பூட்டான பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருக்கிறதா என்று முதலில் கேட்கவில்லை. எங்களுடையதில் பூட்டு இல்லை. இருந்திருந்தால், 48 இலக்க மீட்பு எண் கையில் இல்லாமல் இப்படிப்பட்ட வேலையைத் தொடங்குவது சூதாட்டம். போகிறவர்கள் அந்த எண்ணை முன்கூட்டியே எழுதி எடுத்துக்கொண்டு போவது நல்லது. மூன்றாவது, ரசீது கேட்டால் முகம் மாறுகிறது.

லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கடையை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஏற்காட்டில் தங்கும் விடுதி நடத்தும் என் சித்தி மகள், லினக்ஸ் வகைகளில் ஒன்றான உபுண்டுவின் 22.04 பதிப்பிலிருந்து 24.04-க்கு மாற வேண்டும் என்று தன் கணினியைக் கீழே கொண்டுவந்தாள். உபுண்டுவின் மேம்படுத்தல் கருவி இந்த வகையில் நேர்மையானது: தேவைப்படும் இடத்தை முதலிலேயே கணக்கிட்டு, எந்தப் பகுதியில் எவ்வளவு குறைகிறது என்று சொல்லி, எதையும் தொடாமல் விலகிக்கொள்ளும். அவளுக்கு இடம் குறைந்தது, கணினி துவங்குவதற்கான பூட் பகுதியில். இயங்குதளத்தின் மையக் கருவான கெர்னலின் பழைய பதிப்புகள் அங்கே அடைத்துக்கொண்டிருந்தன. அந்தச் செய்தியிலேயே விடை இருக்க, கடையில் மொத்தமாக அழித்துப் புதிதாகப் போடலாம் என்றார்கள். அவள் கணினியைத் திரும்ப மலைக்கே எடுத்துப்போய், பயன்படாத கெர்னல்களை 'ஆட்டோரிமூவ்' கட்டளையால் நீக்கிவிட்டுத் தானே முடித்துக்கொண்டாள். இருபது கொண்டை ஊசி வளைவுகளை வீணாக இறங்கி ஏறியதற்கு இன்னும் என்னைத் திட்டிக்கொண்டிருக்கிறாள்.

ஒத்திகை, அசல், இடையில் இரண்டு நகல்கள் எல்லாம் சேர்த்து எங்களிடம் வாங்கியது 1,800 ரூபாய், கேபிள் தனி. முதல் கடையில் ஃபார்மட்டுக்குக் கேட்ட தொகையைப் போல மூன்று மடங்கு. அவசரக்காரர்களுக்கு ஆகாது, ஏனெனில் முதல் நாளிலிருந்து முடிவு வரை எங்களுக்கு ஐந்து நாள் ஆனது. வீட்டில் மகள் படிக்கப் பயன்படுத்தும் ஏழாம் தலைமுறைக் கணினியையும் அதே கையோடு மாற்றித் தரச் சொன்னேன். அந்தச் செயலி விண்டோஸ் 11-க்கான பட்டியலில் இல்லை, குறுக்கு வழியில் ஏற்றித் தர மாட்டேன், விண்டோஸ் 10-க்கு 2026 அக்டோபர் 13 வரை கிடைக்கும் பாதுகாப்பு நீட்டிப்பில் பதிந்து வையுங்கள் என்று சொல்லி, பணம் வாங்காமல் பதிந்தும் கொடுத்தார். வாட்ஸ்அப் தானாக வீடியோக்களை இறக்குவதை அன்றே நிறுத்திவிட்டேன். ஆனாலும் இதை எழுதும்போது பார்த்தால் பட்டறைக் கணினியின் சி டிரைவில் 22 ஜிபி 17 ஆகியிருக்கிறது.